மாப்பிள்ளை திறந்து வைத்த பக்கம்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எல்லோரும் என்றால் இன்றைய தேதியில் நான் ஒருவன்தான். மீதிப் பேர், அதாவது உங்கள் அத்தை, ஒன்பது நாளாக உங்கள் வீட்டில் இருக்கிறாள். அவள் சௌக்கியத்தை நீங்கள்தான் எனக்கு எழுத வேண்டும். ஃபோனில் என் மகளைக் கேட்டால், "அம்மா நல்லாத்தான் இருக்காங்க, நீங்க ஃபோனை வைங்கப்பா" என்கிறாள். பின்னால் அத்தை தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்கிறது. எனக்காகக் கனைக்கிற கனைப்பு அது, எனக்குத் தெரியாதா? இந்தக் கடிதத்தை வீட்டு விலாசத்துக்கு அனுப்பாமல் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புவதற்கும் அதுதான் காரணம். வீட்டுக்கு வந்தால் வாங்குவது அத்தையாக இருக்கும். முப்பத்தோரு வருடமாகக் கடைச் சீட்டில் என் கையெழுத்தைப் பார்க்கிறவள், உறையைப் பிரிக்காமலே எனக்குத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன மாதம் நான்கு நாள் தங்க வந்தபோது எங்கள் லாண்டரிக்காக நீங்கள் ஒரு பக்கம் திறந்து வைத்தீர்களே, ஊரே படம் போட்டு ஊரே பார்க்கிற அந்த இடத்தில், அதை உடனே மூடிவிடுங்கள். நானே மூடலாம் என்று போனால் பாஸ்வேர்டு கேட்கிறது. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். மூடியதும் அத்தையிடம் சொல்லி, அவளை வண்டி ஏற்றி அனுப்பி வையுங்கள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இதில் நான் உங்களைக் குற்றம் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். மாப்பிள்ளையைக் குற்றம் சொல்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் என்றைக்கும் கிடையாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், குற்றம் யார் மேல் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தெருமுனையில் கண்ணாடிக் கதவு போட்டு அந்தப் புது லாண்டரி வந்ததிலிருந்து நம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம், வாஸ்தவம். அங்கே வரிசையாகப் பன்னிரண்டு மெஷின், வீட்டுக்கே வந்து துணி வாங்கிக்கொள்ள ஒரு வண்டி. நம் கடையில் முன்னால் கவுண்டரும் இஸ்திரி மேஜையும் நான், பின்னால் தொட்டியும் கறை எடுக்கிற மருந்து பாட்டில்களும் அத்தை, அவ்வளவுதான் மொத்தப் படை. அதைப் பார்த்து மனம் இரங்கித்தான் நீங்கள், "மாமா, இப்பல்லாம் கடையை ஃபோன்லதான் நடத்தணும். நான் பத்து நிமிஷத்துல ஓப்பன் பண்ணித் தரேன்" என்றீர்கள். பத்து நிமிடம் இரண்டு நாள் ஆனது உங்கள் தவறல்ல, என் தவறுதான். பிறந்த தேதி கேட்டது. கணக்கு கடைக்குத்தானே, எனக்கா? கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டிய தேதியைச் சொன்னேன். பலகை மாட்டி ஒன்பது வருடம்தான் ஆகிறது. ஒன்பது வயதுக் குழந்தைக்கெல்லாம் கணக்கு கிடையாது, பெரியவர்கள் யாரையாவது கூட்டி வா என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லிவிட்டது. அறுபதை எட்டிப் பிடிக்கப் போகிறவனுக்கு இந்த மரியாதை!

அடுத்தது படம். "ப்ரொஃபைல் போட்டோல பனியனோட நிக்காதீங்க மாமா, ஒரு கோட்டு கீட்டு போடுங்க" என்று சொன்னது யார் என்று நான் எழுத மாட்டேன். என்னிடம் கோட்டு ஏது? கம்பியில் தொங்கியதில் என் அளவுக்குத் தோதான சாம்பல் நிறக் கோட்டு ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டேன். நீங்களும், "சூப்பரா இருக்கு மாமா, மந்திரி மாதிரி இருக்கீங்க" என்று நாலு பக்கமும் நின்று எடுத்தீர்கள். நீங்கள் ஊருக்குக் கிளம்பிப் போன மறுநாளே நம் பக்கத்துக்கு முதல் கருத்து வந்தது. ஆசையாகத் திறந்து பார்க்கிறேன், நம் தெருவில் எதிர்ச்சாரியில் இருக்கிற வக்கீல் எழுதியிருக்கிறார்: "அது என் கோட்டு." அவ்வளவுதான், ஒரு வார்த்தை கூடவும் இல்லை குறையவும் இல்லை. அரை மணி நேரத்தில் ஆளே வந்து நின்றார். "ரெண்டு நாளா கோட்டு ரெடியாகலைன்னு சொன்னீங்க. உங்களுக்கு ரெடியாயிருக்கு போல?" என்றார். முப்பத்தோரு வருடத்தில் காசு வாங்காமல் நான் துணியைக் கொடுத்து அனுப்பியது அன்றைக்குத்தான். படத்தை மாற்றலாம் என்றால் எனக்கு மாற்றத் தெரியவில்லை. இன்றுவரை வக்கீலின் கோட்டோடுதான் நான் உலகத்துக்குக் காட்சி தந்துகொண்டிருக்கிறேன்.

அதோடு விட்டிருக்கலாம். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் உங்களுக்கு ஃபோன் செய்து, பதினொரு பேர்தான் பார்க்கிறார்கள், அதில் ஏழு பேர் நம் சொந்தக்காரர்கள் என்று புலம்பினேன். நீங்கள், "சும்மா இஸ்திரி போட்ட சட்டையைப் படம் போட்டா யார் மாமா பார்ப்பாங்க? கறை இருந்த படத்தையும் கறை போன படத்தையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க. கீழ கதையை எழுதுங்க. ஒவ்வொரு கறைக்கும் ஒரு கதை இருக்கு மாமா" என்றீர்கள். நல்லாத்தான் சொன்னீர்கள். கதை என்றால் பொய் சொல்ல வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அங்கேதான் வந்தது வினை.

பல் டாக்டர் இருக்கிறாரே, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், மிட்டாயைத் தொட்டால் பல் கொட்டிப்போகும் என்று குழந்தைகளைப் பயமுறுத்திவிட்டு வருவாரே, அவருடைய வெள்ளைக் கோட்டு வந்தது. பக்கவாட்டுப் பையில் பெரிதாகப் பழுப்புக் கறை. அத்தை தொட்டியில் வைத்துத் தேய்க்கும்போது ஒரு படம், பளிச்சென்று ஆன பிறகு ஒரு படம் எடுத்துப் போட்டேன். கீழே எழுதினேன்: "மருத்துவர் கோட்டு. பையில் உருகிய சாக்லேட். இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. கேட்டால் இங்க் என்பார். நாங்கள் எதிர்த்துப் பேசுவதில்லை, கறையை மட்டும் எடுப்போம்." பெயர் போடவில்லையே, யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம் எனக்கு. கோட்டின் மார்பில் பல் படம் பூவேலையாகத் தைத்திருந்ததை நான் யோசிக்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் நாலாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். மறுநாள் அவரிடம் போன குழந்தைகளில் பாதி வாயைத் திறக்கவில்லையாம். "நீங்க முதல்ல உங்க பையைத் திறங்க டாக்டர்" என்று ஒரு வாண்டு கேட்டதாம். மனுஷன் நேரே நம் கடைக்கு வந்து, "கோட்டுல இருந்த கறையை எடுத்து என் பேர்ல வச்சிட்டீங்களேய்யா" என்று கேட்டபோது, கேட்ட தோரணையைப் பார்த்து எனக்கே பாவமாகப் போய்விட்டது. ஆனால் நாலாயிரம் பேர், மாப்பிள்ளை! நாலாயிரம்! கண்ணாடிக் கதவுக்காரனுக்கு அறுபது பேர் கூடக் கிடையாது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

புரியாத தலையோடு அடுத்ததைச் செய்தேன். மாடி வீட்டுக்காரர் உடம்பு இளைக்கிறேன் என்று தினமும் காலையில் உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போகிறவர். வாரா வாரம் அவர் போட்டுக்கொண்டு ஓடுகிற உடை நம்மிடம்தான் வரும். அதைப் படம் எடுத்து, "முப்பத்தோரு வருட அனுபவத்தில் சொல்கிறேன், ஒரு சொட்டு வியர்வைகூடப் படாத உடற்பயிற்சி உடையை இப்போதுதான் பார்க்கிறேன். கழுத்து சுத்தம், முதுகு சுத்தம், அக்குள் சுத்தம். வயிற்றுப் பக்கம் மட்டும் காப்பியும் கிரீமும்" என்று எழுதிவிட்டேன். தமாஷுக்குத்தான். ஆரஞ்சுப் பட்டை போட்ட உடை இந்த வட்டாரத்திலேயே அது ஒன்றுதான் என்பது அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கிறது. "அப்ப தினமும் ஒன்றரை மணி நேரம் எங்க போறீங்க?" என்று அந்த அம்மா பிடித்துக்கொண்டாளாம். அவர் உடற்பயிற்சிக்கூடத்துக்கு எதிரே உள்ள பேக்கரியில் உட்கார்ந்து கேக் தின்றுவிட்டு வருகிறார், பாவம், வேறொன்றுமில்லை. ஆனால் கேக் என்று சொன்னால் அவள் நம்ப மாட்டேன் என்கிறாள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது கேக்குதான்னு நீங்களே வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க, உங்க பேச்சைத்தான் இப்ப எல்லாரும் நம்புறாங்க" என்று கெஞ்சினார். நானும் மாடி ஏறிப் போய், அந்த அம்மா முன்னால் நின்று, அது வெண்ணெய்க் கிரீம்தான், வேறு எதுவும் இல்லை என்று சாட்சி சொல்லிவிட்டு வந்தேன். இந்த வயதில் எனக்குத் தேவையா இது?

கீழே இறங்கி வந்தால் அத்தை கை துடைக்கிற துண்டை மடித்துத் தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டுப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். "என்ன?" என்றேன். இன்னொரு புடவையை எடுத்து மடித்தாள். "டாக்டர் விஷயமா? அவரை நான் சமாதானம் பண்ணிக்கிறேன்" என்றேன். "டாக்டரை நீங்க என்ன வேணா பண்ணுங்க" என்றாள். "மாடி வீட்டு விஷயம் முடிஞ்சிடுச்சு" என்றேன். அதற்குத்தான் திரும்பிப் பார்த்து, "எல்லாம் நீங்கதானே செய்யறீங்க, செய்யுங்க. அதுலதான் எழுதியிருக்கே" என்றாள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நான் செய்யாமல் யார் செய்வார்கள்? படம் எடுத்தது நான், எழுதியது நான், திட்டு வாங்கியது நான். வாடிக்கையாளர் ரகசியம் வெளியே போய்விட்டதே என்கிற வருத்தம் அவளுக்கு, அதை நேராகச் சொல்லாமல் இப்படிப் பேசுகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினவள் வாசலில் நின்று, "அந்தப் பக்கம் இருக்கிற வரைக்கும் நான் இந்தத் தொட்டிப் பக்கம் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இதை உங்களுக்கு ரகசியமாகச் சொல்லலாம் என்று அதே ஃபோனில் ஒரு செய்தி எழுதினேன். "மாப்பிள்ளை, அத்தை கோபமாக வந்துகொண்டிருக்கிறாள். நான் சாப்பாடு தண்ணி இல்லாமல் வாடிக் கிடப்பதாக அவளிடம் சொல்லவும். உண்மையில் எதிர் ஓட்டலில் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன், கவலை வேண்டாம்." அனுப்பினேன். உங்களுக்குப் போகவில்லை. பக்கத்தின் நெற்றியில் போய் உட்கார்ந்துகொண்டது. எண்ணூறு பேர் விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள். எதிர் ஓட்டல்காரர் கை கூப்பிக்கொண்டு வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். அத்தை ரயிலிலேயே அதைப் படித்துவிட்டதாக மகள் சொன்னாள். அதனால்தான் இப்போது பேனாவும் காகிதமும். காகிதத்தில் எழுதினால் எழுதின ஆளுக்குத்தான் போகும்.

இங்கே நிலவரம் இதுதான். கடையில் கூட்டம் அலைமோதுகிறது, ஆனால் ஒருவரும் துணி வெளுக்க வரவில்லை. பெண்டாட்டிமார்கள் புருஷன் சட்டையைக் கொண்டு வருகிறார்கள், புருஷன்மார்கள் பெண்டாட்டி கைப்பையைக் கொண்டு வருகிறார்கள். "வெளுக்க வேணாம், இது என்ன கறைன்னு பார்த்து மட்டும் சொல்லுங்க" என்கிறார்கள். தெரியாது என்று சொன்னால், "எங்ககிட்ட மட்டும் மறைக்கிறீங்க" என்று சண்டை. பழைய வாடிக்கையாளர்களோ தெருவின் அந்தப் பக்கமாக நடந்து கண்ணாடிக் கதவுக்குள் போகிறார்கள். சட்டைப்பையை ஒரு முறைக்கு இரண்டு முறை உதறிவிட்டுத்தான் துணியைக் கொடுக்கிறார்களாம். மிச்சம் வருகிற நாலு துணியையும் நான் கெடுத்து வைக்கிறேன். பின்னால் மூன்று பாட்டில் இருக்கிறது, மூன்றிலும் எந்தச் சீட்டும் ஒட்டியிருக்கவில்லை. அத்தை மூடியைத் திறந்து மோந்து பார்த்தே எடுப்பாள். நானும் மோந்து பார்த்தேன், தும்மல்தான் வந்தது. வக்கீலின் வெள்ளைச் சட்டைகள் மூன்று ஆகாய நீலமாகிவிட்டன. அதே வக்கீல்! உணவகத்து மேஜை விரிப்பு ஒன்று பழுப்புப் புள்ளிகளோடு வந்து தொட்டியில் கிடக்கிறது. தேநீர்க் கறை என்று பார்த்தாலே தெரிகிறது, ஆனால் இன்னும் தொடவில்லை. பழக்க தோஷத்தில் இன்று காலை அதையும் படம் எடுத்துப் பக்கத்தில் போட்டுவிட்டேன், "தேநீர்க் கறை, மதியம் வெளுப்பு மருந்தில் போடப்போகிறேன்" என்று. போட்ட பிறகுதான் எனக்கே என் மேல் வெறுப்பு வந்து, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

உள்ளதைச் சொல்கிறேன், மாப்பிள்ளை. முப்பத்தோரு வருடமாக முன்னால் நான் இஸ்திரி போடும்போது பின்னால் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அது ஒரு சத்தம் என்று நான் நினைத்ததே இல்லை. ஒன்பது நாளாகக் கடையில் உட்கார முடியவில்லை. நாலாயிரம் பேர் வேண்டாம், நாற்பதாயிரம் பேர் வேண்டாம். பக்கத்தை மூடுங்கள். அத்தையை அனுப்பி வையுங்கள்.

நீங்களும் மகளும் ஒரு குறையும் இல்லாமல், வேலையில் மேலே மேலே போய், நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். இனி எந்தக் கடைக்கும் எந்தப் பக்கமும் திறந்து கொடுக்காமல் இருக்கவும் சேர்த்தே ஆசீர்வதிக்கிறேன். அத்தையிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். அவள் ஒன்றும் சொல்லாவிட்டால், அதையும் எனக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டித் தபால்தலையும் ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம்.

தபாலில் போடக் கிளம்பும்போது ஃபோன் சிணுங்கிற்று. அந்த மேஜை விரிப்புப் படத்துக்குக் கீழே, படமும் இல்லாத பேரும் இல்லாத ஒரு புதுக் கணக்கிலிருந்து யாரோ எழுதியிருந்தார்கள்: "அது தேநீர் இல்லை, துரு. வெளுப்பு மருந்து பட்டால் அப்படியே பிடித்துக்கொள்ளும், பிறகு யாராலும் எடுக்க முடியாது." யாரோ கண்ணாடிக் கதவுக்காரன் ஆள் என்று நினைத்து, "முப்பத்தோரு வருட அனுபவம் உள்ளவனுக்குச் சொல்லித் தர வேண்டாம்" என்று சூடாகப் பதில் போட்டேன். உடனே வந்தது: "அனுபவம் யாருக்கு?"

அத்தையே எதிரில் நின்று கேட்ட மாதிரி இருந்தது. பிறகு ஒவ்வொரு படமாகப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். இந்த விரிப்பை விட்டால் நாற்பத்தொரு படம் போட்டிருக்கிறேன். நாற்பத்தொன்றிலும் ஒரே கை. கட்டை விரலில் மருந்து பட்டு வெந்த தழும்போடு அவள் கை. கீழே நான் எழுதியிருப்பது: "என் கைவண்ணம்", "என் திறமை", "நான் எடுத்த கறை". ஒன்றில்கூட அவள் இல்லை. யாரோ ஒரு அம்மா, இவ்வளவு நேர்த்தியாகத் தேய்க்கிற கை யாருடையது என்று கேட்டிருக்கிறார். நான் பெருந்தன்மையாக, "எங்கள் கடையுடையது" என்று பதில் சொல்லியிருக்கிறேன். டாக்டருமில்லை, மாடி வீட்டுக்காரருமில்லை, மாப்பிள்ளை. அவள் வாயால் சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை, நான் ஒரு மடையன்.

மதியம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினேன். முப்பத்தொன்பதில் "கறை எடுத்தது என் மனைவி" என்று எழுதினேன். டாக்டர், மாடி வீட்டார் படங்கள் இரண்டையும் அடியோடு எடுத்துவிட்டேன். கடைசியாக விரிப்புப் படத்தின் கீழே, ஊரே பார்க்க, "எனக்குத் தெரியாது. என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன். ஐந்து நிமிடம் ஃபோனைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வந்தது: "ஒண்ணும் செய்யாதீங்க. நல்ல தண்ணியில ஊறப் போட்டுட்டுக் கையைக் கட்டிட்டு உட்காருங்க. காலை வண்டியில வரேன்." அதற்கு இதுவரை இருநூறு பேர் விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள், வக்கீல் உட்பட.

ஆகவே பக்கத்தை மூடிவிடாதீர்கள். அந்தப் புதுக் கணக்கை அத்தைக்குத் திறந்து கொடுத்தது யார் என்று நான் கேட்கப் போவதில்லை, மாப்பிள்ளையைக் குற்றம் சொல்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. பாஸ்வேர்டை மட்டும் அத்தையிடம் சொல்லிவிடுங்கள். நானே கெஞ்சிக் கேட்டாலும் என்னிடம் சொல்ல வேண்டாம்.